அகதி என்பதில் என்ன குறைச்சல்?

அண்மையில் ஒரு கலைவிழா. மண்டபம் நிறைந்திருந்தது. வடையும் தேநீரும் முடிந்து சிறப்புரை தொடங்கியது. இனிமேல் நாங்கள் எங்களை அகதிகள் என்று சொல்லக்கூடாது, அந்தச் சொல்லைப் பிள்ளைகளின் காதில் விழவிடக்கூடாது, நாங்கள் இப்போது டயஸ்போரா என்றார் பேச வந்தவர். கைதட்டல் ஓய நேரமெடுத்தது. தட்டியவர்களில் நாமும் இருந்தோம். கூட்டம் கலைந்து கார்களை நோக்கி நடக்கையில் அதே வாய்கள் வேறொரு கதை பேசின. படகுகளில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றிய கதை. "இதுகள் எல்லாம் எக்கனொமிக் மைக்கிறன்ற். நாங்கள் வந்த மாதிரியே இதுகள் வருகுதுகள்?" யாரும் மறுத்துச் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் அக்கம்பக்கத்து வீடுகள் போல நிற்கிற சில சொற்கள் உண்டு. றெபியூஜி, அசைலம் சீக்கர், மைக்கிறன்ற், இமிக்கிறன்ற், எக்ஸ்பற்றியேற், டயஸ்போரா. எல்லாமே பிறந்த இடத்தை விட்டு வேறிடத்தில் இருப்பவரைக் குறிப்பவைதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு எம்மில் சிலருக்குப் பத்து ஆண்டுகள் எடுத்தன. சிலர் போகாமலே செத்தும் போனார்கள். எனவே இந்தச் சொற்களுக்கிடையிலான வேறுபாட்டை அகராதியில் மட்டும் பார்த்து முடித்துவிட முடியாது.

முதலில் அகராதியையும் பார்த்துவிடுவோம். றெபியூஜி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1685ல் பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, ஹியூகனோக்கள் எனப்பட்ட அம்மக்கள் கடலைக் கடந்து இங்கிலாந்துக்கு ஓடினார்கள். அவர்களோடு ஓடி வந்த சொல் அது. அதன் உள்ளே இருப்பது புகலிடம். எமது அகதி என்ற சொல்லோ கதியற்றவர் என்கிறது. ஒரே ஆளைப் பார்த்து ஆங்கிலம் அவர் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது, தமிழ் அவர் இழந்ததைச் சொல்கிறது. அசைலம் கிரேக்கச் சொல். அதன் முதலில் நிற்கிற அகரமும் எமது அகதியின் அகரத்தைப் போலவே எதிர்மறைதான். பறிக்க முடியாதது என்பது அதன் பொருள். கோவிலுக்குள் ஓடி ஒளிந்தவன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்திலிருந்து அது வந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1951ம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இனம், மதம், தேசியம், ஏதேனும் குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பினராக இருத்தல், அரசியற் கருத்து. இவற்றுள் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற, நன்கு ஆதாரமுள்ள அச்சத்தால் நாட்டுக்கு வெளியே நிற்பவர் றெபியூஜி. முதலில் இது 1951 ஜனவரி 1ம் திகதிக்கு முந்திய நிகழ்வுகளால் வெளியேறியவர்களுக்கு மட்டுமென எழுதப்பட்டது. அந்தத் திகதியை நீக்கியது 1967ம் ஆண்டின் இணைப்பு ஒப்பந்தம். அது இல்லாதிருந்தால் எம்மில் ஒருவருக்கும் இந்தச் சொல் பொருந்தியிராது.

அசைலம் சீக்கர் என்பவர் யார்? அதே ஆள்தான். முடிவு இன்னும் வராத ஆள். ஐ.நா. அகதிகள் ஆணையகம் 1979ல் வெளியிட்ட கைநூல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகாரம் கிடைப்பதால் ஒருவர் அகதியாவதில்லை, அகதியாக இருப்பதாலேயே அங்கீகரிக்கப்படுகிறார். எல்லையைத் தாண்டிய இரவிலேயே அவர் அகதி. அதிகாரியின் முத்திரை பின்னால் வருகிறது. ஆனால் நடைமுறை என்ன? முத்திரை விழும்வரை அவர் அகதி இல்லை என்பதே எல்லா அமைச்சுகளினதும் நிலைப்பாடு. அமைச்சுகள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. கார்ட் கிடைத்த எம்மவரும் கார்ட் கிடைக்காத எம்மவரைப் பார்த்து அப்படியே சொல்லத் தொடங்கியதுதான் வெட்கக்கேடு.

அச்சம் என்ற சொல்லை வைத்தே எமது ஆட்களின் தலைவிதி எழுதப்பட்ட கதை ஒன்று உண்டு. 1987ல் ஆறு தமிழர்களின் வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. கேள்வி இதுதான்: ஒருவர் உண்மையிலேயே அஞ்சுகிறார், அவர் அறிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அந்த அச்சம் நியாயமாகவும் இருக்கிறது. அது போதுமா? போதும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். போதாது என்றனர் பிரபுக்கள். துன்புறுத்தல் நிகழ்வதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டென்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். 1988 பெப்ரவரியில் அவர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிய பின் பிடித்து அடிக்கப்பட்டதாகச் சிலர் முறையிட்டார்கள். அவர்களது அச்சம் ஆதாரமுள்ளதே என்று 1989ல் மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி தீர்ப்பளிக்க, திரும்பவும் லண்டனுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஐவர் ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1991 அக்டோபர் 30ல் தீர்ப்பு வந்தது. கொடுமை நேரக்கூடும் என்ற வெறும் சாத்தியம் போதாது, மெய்யான ஆபத்து இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி, பிரித்தானியா தவறிழைக்கவில்லை என ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடித்தார்கள். சாத்தியத்துக்கும் ஆபத்துக்கும் இடையில் ஒரு விமானப் பயணம் இருந்தது. அதில் ஏற்றப்பட்டவர்கள் எம்மவர்கள்.

இந்த ஐந்து காரணங்களுக்குள் யுத்தம் இல்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. குண்டு வீட்டின் மேல் விழுந்து தாய் செத்தாள் என்பது சட்டத்தின் கண்ணில் துயரம் மட்டுமே. உன்னைத் தேடி வந்தார்களா, உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்களா என்பதே அவர்களுக்கு வேண்டியது. அதனால்தான் எம்மிடையே கேஸ் எழுதுதல் என்றொரு தொழில் வளர்ந்தது. நடந்தது ஒன்று, சட்டத்துக்குப் பொருந்துவது இன்னொன்று. உள்ள காயத்தை விட்டுவிட்டு இல்லாத காயத்தைச் சொன்னவர்கள் எத்தனை பேர்! தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் எழும்பி வந்தவர்கள் எத்தனை பேர்! இன்று சிரியரையும் ஆப்கானியரையும் சூடானியரையும் பார்த்து, பொய்க் கதை சொல்லி வருகிறார்கள் என்று நாங்கள் முகம் சுளிக்கிறோம். எங்கள் கோப்புகள் இன்னும் ஏதோ ஒரு நிலவறையில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

பிரித்தானியாவில் அகதி நிலை மறுக்கப்பட்ட எம்மவர் பலருக்கு வேறொரு கடிதம் கிடைத்தது. எக்ஸெப்ஷனல் லீவ் ரு றிமெய்ன். லீவ் என்றால் வெளியேறு என்றும் பொருள், அனுமதி என்றும் பொருள். தங்கியிருக்க வழங்கப்பட்ட கடிதத்தில் வெளியேறு என்ற ஓசையைக் கண்டு கலங்கிப் போய், யாரிடமாவது கொடுத்து வாசித்துக் காட்டச் சொன்னவர்களை நாம் அறிவோம். அகதி என்று ஒப்புக்கொண்டால் உரிமை வந்துவிடும், விதிவிலக்கான அனுமதி என்றால் அது தயவு. உரிமையைக் கேட்டு வந்தவர்களிடம் தயவைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டை 2003ல் மாற்றி வேறு பெயர்களை வைத்தார்கள். தயவு தயவாகவே இருந்தது.

இனி, நாங்கள் ஒழுங்காக வந்தோம் என்ற பெருமைக்கு வருவோம். எண்பதுகளில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போனவர்கள் யார்? தலை மாற்றிய பாஸ்போட்டில் வந்தவர்கள் யார்? 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேர் யார்? 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட இருந்த நேரத்தில் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து நின்றவர்கள் யார்? அந்த ஆண்டே, விசா இல்லாமல் ஆட்களை ஏற்றி வரும் விமான நிறுவனங்களுக்கு ஆளொன்றுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று பிரித்தானியா சட்டம் போட்டது. அச்சட்டத்தைக் கொண்டுவர அவசரப்படுத்தியவர்களில் எம்மவரும் அடக்கம். இன்று ஒரு சிரியர் விமானத்தில் ஏற முடியாமல் ரப்பர் படகில் ஏறுகிறார் என்றால், அவருக்கு முன் மூடப்பட்ட கதவு எமது முதுகுக்குப் பின்னால் மூடப்பட்ட கதவு.

இல்லீகல் என்ற சொல்லையும் பார்ப்போம். அகதி நேராக ஆபத்திலிருந்து வந்து, தாமதமின்றித் தன்னை அதிகாரிகளிடம் காட்டி, தக்க காரணமும் சொன்னால், அனுமதியின்றி நுழைந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951 உடன்படிக்கையின் 31ம் பிரிவு. புகலிடம் தேடுவது உரிமை என்று 1948ம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 14ம் பிரிவு சொல்கிறது. இவ்வளவும் இருக்க, 2013ல் அவுஸ்திரேலியாவின் குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொறிசன் தன் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு கொடுத்தார். படகில் வருபவர்களை ஒழுங்கற்ற முறையில் வந்தவர்கள் என்று எழுதக் கூடாது, சட்டவிரோதமாக வந்தவர்கள் என்றே எழுத வேண்டும். இறெகுலர் போய் இல்லீகல் வந்தது. கடலும் படகும் ஆட்களும் மாறவில்லை. வாசிக்கிறவர்களின் மனம் மாறியது. அதற்காகத்தான் மாற்றினார்கள்.

கனடாவுக்கு 2009ல் ஓசன் லேடி கப்பலில் 76 பேரும் 2010ல் சன் சீ கப்பலில் 492 பேரும் எம்மவர் வந்தபோது ஒலித்த சொல் ஸ்மக்ளிங். இதற்கும் ற்றாபிக்கிங் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐ.நா. 2000ல் இரு தனித்தனி ஒப்பந்தங்களில் எழுதி வைத்தது. பணத்துக்காக, வர விரும்புகிறவரை எல்லை கடத்திவிடுவது முதலாவது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஒருவரைக் கொண்டுபோய்ச் சுரண்டுவது இரண்டாவது. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்தன. கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்து உதவிய பயணிகளைக்கூடக் கடத்தற்காரர் என்றது அரசு. அப்படியல்ல, நிதி அல்லது வேறு இலாபம் கருதிச் செய்தவர்களுக்கே அச்சொல் பொருந்தும் என்று சொல்ல, கனடிய உச்ச நீதிமன்றத்துக்கு 2015 நவம்பர் வரை எடுத்தது. சொல்லை மாற்றிப் போட ஒரு மாலைச் செய்தி போதும், அதைத் திருத்த ஐந்து ஆண்டுகள் வேண்டும். அந்தக் கப்பல்களைப் பற்றி ரொறன்ரோவின் எம்மவரில் சிலர் என்ன பேசினார்கள் என்பதும் எமக்கு நினைவிருக்கிறது. எங்கள் பெயரையும் கெடுக்க வந்ததுகள் என்று சொன்னவர்களும் தமிழர்கள்தாம்.

இச்சொற்களின் எல்லை மாறாதது என்று நினைப்பவர்கள் 2022 மார்ச்சை நினைத்துப் பார்க்கட்டும். உக்ரேனியர் வெளியேறத் தொடங்கிச் சில நாட்களிலேயே, 2001ல் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் முதன்முறையாக எடுத்துப் பயன்படுத்தியது. தனித்தனி விசாரணை இல்லை, ஐந்து காரணங்கள் பற்றிய கேள்வி இல்லை. யுத்தத்திலிருந்து வந்தோம் என்பதே போதுமானதாயிற்று. உக்ரேனியருக்குக் கிடைத்ததைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை. யுத்தம் என்ற ஒரு சொல் போதும் என்று எமக்கும் ஒருநாள் சொல்லியிருக்கலாமே என்பதுதான் எமது கேள்வி.

எக்ஸ்பற்றியேற் என்றால் சொல்லுக்குச் சொல் தாய்நாட்டுக்கு வெளியே இருப்பவர். அப்படியானால் எம்மைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் கொழும்பில் பெரிய சம்பளத்துக்கு வந்து கடற்கரையோரம் வீடெடுத்திருக்கும் வெள்ளையரே எக்ஸ்பற். பாரிஸ் றெஸ்ரோறன்றின் பின்கட்டில் கோப்பை கழுவும் எம்மவர் மைக்கிறன்ற். இதே அடியில் முளைத்த இன்னொரு சொல் றிபற்றியேற், தாய்நாட்டுக்குத் திரும்பியவர். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. கண்டியிலும் பதுளையிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் தாயகம் திரும்பியோர் ஆனார்கள். ஒரு மக்களை நாட்டை விட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகிறார்கள் என்று பெயர் வைத்த அந்தச் சொல்லை நாம் எதிர்த்தோமா? யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் அது பேச்சாகவே இருக்கவில்லை.

இங்கிருந்து எமது சொந்தத் தமிழுக்கு வந்தாக வேண்டும். ஆங்கிலத்தின் கள்ளத்தனத்தைப் பேசுகிறவர்கள் தம் மொழியையும் திறந்து காட்டத்தான் வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரம் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு அக்டோபர் 30ல் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதை எமது பத்திரிகைகளும் மேடைகளும் எப்படிச் சொல்லின? முஸ்லிம்கள் வெளியேறினார்கள். வெளியேறினார்கள் என்பதற்கும் வெளியேற்றப்பட்டார்கள் என்பதற்கும் இடையில் சில எழுத்துகள்தான். அந்த எழுத்துகளுக்குள் துவக்கோடு நின்றவர் மறைந்து போகிறார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995ல் அதே திகதியில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். அதற்கு எமது சொல் இடப்பெயர்வு. நடந்தவர்கள் இடம்பெயர்ந்தோர். தாமே பெயர்ந்தார்களாம்! பெயர்த்தவர் யார் என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. 2009ல் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்களை முட்கம்பிக்குள் அடைத்துவிட்டு நலன்புரிக் கிராமங்கள் என்று இலங்கை அரசு பெயரிட்டபோது நாம் கொதித்தோம். கொதித்தது சரியே. அந்தக் கொதிப்பில் ஒரு பங்கு புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்கும் போயிருக்க வேண்டும்.

இப்போது டயஸ்போராவுக்கு வருவோம். விதை சிதறுவது போலச் சிதறியவர்கள் என்பது அதன் கிரேக்கப் பொருள். யூதர்களின் சிதறலைக் குறித்த சொல். அதனோடு எமக்குப் பகையில்லை. ஆனால் அதை யார் யாருக்கு வழங்குகிறோம் என்று பாருங்கள். வதிவிட உரிமையும் வீட்டுக் கடனும் உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, முகாமில் கல்யாணம் முடித்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களை எவராவது டயஸ்போரா மாநாட்டுக்கு அழைத்ததுண்டா? அந்த முகாம்களின் பெயரைத் தமிழ்நாட்டு அரசு 2021ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாற்றம் இதமானதே. ஆனால் 1951 உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை, 2019ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்டு, படகு பழுதாகி, பிரித்தானியாவின் பிடியிலிருந்த டியேகோ கார்சியாத் தீவில் ஒதுங்கிய எம்மவர் கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கிடந்தார்கள். 1951 உடன்படிக்கை அந்தத் தீவுக்குச் செல்லாது என்று வாதிக்கப்பட்டது. றெபியூஜி என்ற சொல்லுக்கே அங்கு இறங்க அனுமதி இல்லை! அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை டயஸ்போரா விழாக்களில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்பட்டது?

எல்லாச் சொல்லும் ஒன்றே, வேறுபாடு பார்க்காதே என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறுபாட்டை எழுத்தெழுத்தாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாளை விசாரணைக்குப் போகிற பெடியனுக்கு, அச்சம் என்பதற்கும் ஆதாரமுள்ள அச்சம் என்பதற்கும் உள்ள தூரத்தை நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளராக உட்காருகிற எம்மவர், வெளியேறினான் என்பதையும் வெளியேற்றப்பட்டான் என்பதையும் ஒன்றாக மொழிபெயர்த்தால் ஓர் உயிர் போய்விடும். வேலை தேடி வருகிறவருக்கும் அவருக்குரிய மதிப்பு உண்டு. பசியும் ஒரு காரணந்தான், எம்மில் பலருக்கு யுத்தத்தோடு பசியும் இருந்தது. வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பின்னால் வருகிறவருக்குக் கை கொடுப்பதற்காக இருக்கட்டும். அவரை ஒரு படி கீழே தள்ளி நாம் ஒரு படி மேலே நிற்பதற்காக வேண்டாம்.

1943ல் நியூயோர்க்கில், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஹன்னா அரென்ட், எம்மை அகதிகள் என்று அழைப்பது எமக்குப் பிடிப்பதில்லை என்ற பேச்சோடு ஒரு கட்டுரையைத் தொடங்கினார். புதிதாக வந்தவர்கள், குடியேறியவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட தன் மக்களின் வேடத்தை அதில் இரக்கமில்லாமல் உரித்தார். எண்பது ஆண்டுகள் கழித்து எமது மண்டபத்திலும் அதே நாடகம்தான்.

புலம்பெயர் என்ற சொல் பட்டினப்பாலையில் வருகிறது. அங்கே அது காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் போன தமிழரைக் குறிக்கவில்லை. வேறு நாடுகளிலிருந்து அங்கு வந்து, வேறு மொழிகள் பேசி, ஊரோடு கலந்து வாழ்ந்தவர்களையே குறிக்கிறது. வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயரைத்தான் இன்று எமக்கு வைத்திருக்கிறோம். அடுத்த கலைவிழாவில் யாராவது அகதி என்ற சொல்லைக் கைவிடச் சொன்னால் நாம் கைதட்டப் போவதில்லை. எழும்பி நின்று, நாங்கள் அகதிகள், இப்போது படகில் வருகிறவர்களும் அகதிகள் என்று சொல்வோம். பிள்ளைகளின் காதில் அது விழட்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து, அப்பா, நீங்கள் எப்படி வந்தனீங்கள் என்று கேட்டால், தலை மாற்றிய பாஸ்போட்டிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்.